கொடுத்த இடத்தின் தழும்பு



பத்து வாரங்களுக்குப் பின் இந்தப் பக்கத்தில் மீண்டும் உங்களைச் சந்திக்கிறேன். பைபாஸ் அறுவை சிகிச்சைக்காக நான் மருத்துவமனையில் இருந்த நாட்களிலும், அதன்பின் வீட்டில் ஓய்ந்திருந்த நாட்களிலும் நீங்கள் ஏறெடுத்த ஜெபங்களுக்காகத் தேவனைத் துதிக்கிறேன். உங்களுள் பலர் நேரில் வந்தீர்கள். வர இயலாதவர்கள் தொலைபேசியில் விசாரித்தீர்கள். ஒருவரையும் நான் மறக்கவில்லை.

வந்தவர்கள் யாவரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "நெஞ்சு எப்படி இருக்கிறது, ஐயா?" நானும், "தேவ கிருபையால் நலமாக இருக்கிறது" என்று பதில் சொன்னேன். அது பொய்யல்ல. ஆயினும் இரவுகளில் என்னைத் தூங்கவிடாமல் எழுப்பியது நெஞ்சல்ல. அதை இன்று உங்களிடம் சொல்ல வேண்டும். என்னை எழுப்பியது என் இடது கால்.

பைபாஸ் என்றால் மார்பைத் திறப்பார்கள், மார்பெலும்பை அறுப்பார்கள், முடிவில் எஃகுக் கம்பியால் அதைக் கட்டி மூடுவார்கள் என்பதை அறிந்தே சென்றேன். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் முன்னரே சொல்லியிருந்தார்கள். ஆகவே நெஞ்சின் வலிக்கு மனம் ஆயத்தமாயிருந்தது. காலைப் பற்றி நான் எண்ணவே இல்லை. அடைபட்ட இருதயக் குழாய்க்கு மாற்றுப் பாதை அமைக்க ஒரு குழாய் வேண்டும். அதைப் பெரும்பாலும் காலின் உட்புறத்தில் ஓடும் நீண்ட சிரையிலிருந்து எடுக்கிறார்கள். அந்தச் சிரையினுள், இரத்தம் மேல்நோக்கி மட்டும் ஓடும்படி சிறு வால்வுகள் உண்டு. எனவே அதை இருதயத்தில் பொருத்தும்போது தலைகீழாகத் திருப்பிப் பொருத்துகிறார்கள். இதையெல்லாம் சிகிச்சைக்குப் பின்னரே கேட்டறிந்தேன். கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல்வரை தையல், வீக்கம், தோலில் மரத்துப்போன ஒரு பட்டை, அதன் நடுவே திடீரெனச் சுரீர் என்று ஒரு குத்தல். கட்டு மாற்ற வந்த செவிலியரிடம் முறையிட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நெஞ்சு வலிக்கும்னு எல்லாரும் தெரிஞ்சுதான் வர்றாங்க, ஐயா. காலைப் பத்தி யாரும் நினைச்சுட்டு வர்றதில்லை."

அந்த ஒரு வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது. நோய் இருந்தது இருதயத்தில். காலில் ஒரு குற்றமும் இல்லை. சுகமாயிருந்த கால், நோயுற்ற இருதயத்துக்காக வெட்டப்பட்டது. அந்த இருதயத்தைப் பார்க்க எல்லாரும் வந்தீர்கள். கால் போர்வைக்குள் இருந்தது.

போர்வைக்குள் அந்தக் கால் குத்திக்கொண்டிருந்த ஓர் இரவில், பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய வேறொரு சபையின் தாய் ஒருவர் என் நினைவுக்கு வந்தார். அவருடைய அனுமதியைப் பெற்றே இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதீங்க, ஐயா" என்றார். அவ்வாறே செய்கிறேன்.

அவருடைய மகன் நெடுநாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். தாயின் சிறுநீரகம் மகனுக்குப் பொருந்தியது. சபையாக உபவாசமிருந்தோம், சங்கிலி ஜெபம் வைத்தோம். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனையில் அந்த இளைஞரின் பெயரைச் சொல்லி நானே மன்றாடினேன். சிகிச்சை நன்றாக முடிந்தது. அவர்கள் வீடு திரும்பியபின் நான் சந்திக்கச் சென்றேன். மகன் முன்னறையில் முகக்கவசம் அணிந்து படுத்திருந்தார். கிருமித் தொற்று வரலாகாது என்பதால் சற்று விலகி அமர்ந்து, வேதம் வாசித்து ஜெபித்தேன். அப்பொழுது அந்தத் தாய் ஒரு கையால் தம் விலாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் எனக்குக் காபி கொண்டுவந்தார்.

நான் அதை வாங்கிக் குடித்தேன்.

உடலிலிருந்து ஓர் உறுப்பை எடுத்துக் கொடுத்து மூன்று வாரமே ஆன ஒரு பெண் எனக்குப் பணிவிடை செய்ய, நான் அமர்ந்திருந்தேன். புறப்படும்போது கதவருகில், "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். "எனக்கென்ன, ஐயா? நான் நல்லாத்தானே போனேன்" என்றார். அதைத் தாழ்மையின் பதிலாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சில மாதங்கள் கழித்து ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. மகன் முன்னால் வந்து சாட்சி சொன்னார். சபை கைதட்டித் தேவனை மகிமைப்படுத்தியது. பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் தாய் அமர்ந்திருந்தார். என் பிரசங்கத்தில் அவர் பெயரை ஒரு முறைகூட நான் சொல்லவில்லை.

அவர் சொன்ன அந்தப் பதிலின் பொருள் இப்பொழுதுதான் எனக்கு விளங்குகிறது. சுகமாய்ப் போனார், காயத்தோடு வந்தார். நோயாளி என்ற பெயர் அவருக்கு இல்லாததால், நோயாளிக்குக் கிடைக்கும் விசாரிப்பும் அவருக்கு இல்லாமற்போயிற்று.

சிறுநீரகம் பொருத்தும் சிகிச்சையைப் பற்றிப் பின்னர் வாசித்தபோது இன்னும் சிலவற்றை அறிந்து வியந்தேன். பெற்றுக்கொள்கிறவரின் பழுதுபட்ட சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதே இல்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கும். புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைக்கிறார்கள். அது தோலுக்கு அருகிலுள்ள இடம். கொடுப்பவருடைய சிறுநீரகமோ முதுகுப்புறத்தில் ஆழமாக இருக்கிறது. சிறு துளைகளின் வழியே செய்யும் முறை பரவுவதற்கு முன், விலாவை ஒட்டி நீளமாகக் கிழித்தே அதை எடுத்தார்கள். சில வேளைகளில் கடைசி விலா எலும்பின் ஒரு துண்டையும் அகற்ற வேண்டியிருந்தது. இதனால் பெற்றவரைவிடக் கொடுத்தவருக்கு வலி மிகுதியாக இருப்பதுண்டு. பெற்றவருக்கோ பல நாள் வேதனை நீங்கி முகம் தெளிகிறது. கொடுத்தவருக்கு வேதனை அன்றுதான் தொடங்குகிறது.

இச்சிகிச்சை முதன்முதலில் வெற்றி பெற்றது 1954 டிசம்பர் 23 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். ரொனால்ட் ஹெரிக் என்ற இளைஞர் தம்முடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். தலைமை ஏற்ற மருத்துவர் ஜோசப் மரே 1990-இல் நோபல் பரிசு பெற்றார். அம்மருத்துவர்களை அன்று மிகவும் கலங்கச் செய்த கேள்வி ரிச்சர்டைப் பற்றியதல்ல, ரொனால்டைப் பற்றியது. தனக்கு யாதொரு நன்மையும் தராத பெரிய அறுவைக்கு ஒரு சுகதேகியை உட்படுத்தலாமா? அதற்காக அவர்கள் பல சபைகளின் குருமார்களிடமும் ஆலோசனை கேட்டனர்.

சிகிச்சைக்கு முன் நடந்த ஓர் உரையாடலை மரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாம் சிறுநீரகத்தைக் கொடுத்தால், வாழ்நாள் முழுவதும் தம் உடல்நலத்துக்கு மருத்துவமனை பொறுப்பேற்குமா என்று ரொனால்ட் கேட்டாராம். அவருக்கு அறுவை செய்யவிருந்த மருத்துவர் ஹாரிசன், அப்படியொரு பொறுப்பு இல்லை என்று உடனே சொன்னார். சொன்ன கையோடு திரும்ப ஒரு கேள்வி கேட்டார்: உனக்கு உதவி தேவைப்படும் நாளில், இந்த அறையில் இருக்கிறவர்களில் எவராவது உன்னைக் கவனிக்க மறுப்பார்கள் என்று நினைக்கிறாயா? ரொனால்ட் புரிந்துகொண்டார். கொடுப்பவரைக் காப்பதற்கு எழுதப்பட்ட ஒப்பந்தம் இல்லை. அந்த அறையில் இருந்த மனிதர்களின் மனச்சாட்சியே ஒப்பந்தம்.

ரிச்சர்ட் தம்மைப் பராமரித்த செவிலியரையே மணந்து, பிள்ளைகளைப் பெற்று, எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ரொனால்ட் ஆசிரியராகப் பணியாற்றி 2010 வரை உயிரோடிருந்தார். ஆக, ரிச்சர்ட் மறைந்தபின் நாற்பத்தேழு ஆண்டுகள் அந்தத் தழும்பு ரொனால்டோடு இருந்தது.

பிரியமானவர்களே, இனி ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆதாமின் விலா எலும்பு எடுக்கப்பட்ட நிகழ்ச்சியைத் திருமண ஆராதனைகளில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஏவாள் உண்டாக்கப்பட்டதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மயக்க மருந்துக்கு மத எதிர்ப்பு கிளம்பியபோது, 1847-இல் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் இப்பகுதியையே எடுத்துக்காட்டி, எடுப்பதற்கு முன் தேவன் அயர்ந்த நித்திரை தந்ததைச் சுட்டிக்காட்டினார் என்பதும் தெரியும். ஆனால் அங்கே சொல்லப்பட்ட காரியங்களின் வரிசையை நான் கவனித்ததில்லை. தேவன் விலா எலும்பை எடுக்கிறார். அடுத்து எடுத்த இடத்தை மூடுகிறார். அதன் பின்னரே அந்த எலும்பைக் கொண்டு ஏவாளை உருவாக்குகிறார்.

கொடுத்தவனின் காயத்தை மூடியது முதலில் சொல்லப்படுகிறது. கொடை என்னவாயிற்று என்பது அதற்குப் பின் வருகிறது. நாம் அந்த வரிசையை மாற்றிவிட்டோம். கொடையைக் கொண்டாடுகிறோம். எடுத்த இடத்தை மூட யாருக்கும் நினைவில்லை.

"ஐயா, அன்பினால் கொடுத்தவர்கள் விசாரிப்பை எதிர்பார்க்கமாட்டார்களே. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியலாகாது என்று ஆண்டவரே போதித்திருக்கிறாரே" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அந்தப் போதனை கொடுக்கிறவருக்கு உரியது. பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு அது சாக்காக முடியாது. அவர் மறைப்பது அவருடைய பண்பு. அவர் மறைத்ததால் நாம் காணாமற்போவது நம்முடைய குறை.

"அதெல்லாம் ஆறிப்போன காயம், இப்பொழுது எதற்கு?" என்றும் கேட்கலாம். தழும்பைப் பற்றி நான் அறிந்தவற்றுள் என்னைப் பெரிதும் திகைக்கச் செய்த செய்தி இதற்கு விடையாக இருக்கிறது.

1740-இல் ஜார்ஜ் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதியின் கப்பற்படை உலகைச் சுற்றிவரப் புறப்பட்டது. அந்தக் கப்பலில் சென்ற குருவானவர் ரிச்சர்ட் வால்ட்டர் எழுதிய வரலாறு 1748-இல் வெளிவந்தது. பல மாதங்கள் காய்கனிகளைக் காணாத மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் பிடித்தது. அவர்களில் ஒருவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் காயம்பட்டுக் குணமானவர். அரை நூற்றாண்டாக ஆறியிருந்த அந்தப் புண்கள், ஒருபோதும் ஆறாதவைபோல் மீண்டும் திறந்துகொண்டன.

காரணத்தை அன்று யாரும் அறியவில்லை. இன்று மருத்துவம் அறிந்திருக்கிறது. தழும்பு கொலாஜன் என்னும் நார்ப்பொருளால் ஆனது. அது ஒருமுறை பூசி முடித்த சுண்ணாம்புச் சுவரல்ல. பழைய நார்களை உடல் கரைத்துக்கொண்டும், அவ்விடத்தில் புதிய நார்களை நெய்துகொண்டும் இருக்கிறது. நெய்வதற்கு வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காத நாளில் கரைவது தொடர்கிறது, நெய்வது நின்றுவிடுகிறது. அப்பொழுது பழைய காயம் வாய் திறக்கிறது. முற்றிலும் ஆறிய தழும்புகூட, பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்குமேல் திரும்பப் பெறுவதில்லை.

ஆகவே "ஆறிவிட்டது" என்பது முடிந்துபோன ஒரு காரியத்தின் பெயரல்ல. ஒவ்வொரு காயமும் நாள்தோறும் மூடிவைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. உடலுக்குள் யாரும் காணாத ஒரு கை நெய்துகொண்டே இருக்கிறது. அதற்கு நாள்தோறும் போஷிப்பு வேண்டும். உடலுக்கு இப்படியென்றால், மனத்தின் தழும்புக்கு ஒரே ஒரு ஸ்தோத்திர ஆராதனை எப்படிப் போதும்?

நம் சபையைச் சுற்றிப் பாருங்கள். தம்பிகள் படிப்பதற்காகத் தன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன அக்காள் இருக்கிறார். தம்பிகள் பட்டம் பெற்ற நாளில் நாம் அவர்களை வாழ்த்தினோம். படுக்கையில் விழுந்த பெற்றோரைப் பார்ப்பதற்காகத் திருமணத்தைத் தள்ளிவைத்து, பின்பு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்ட சகோதரி இருக்கிறார். பெற்றோரின் அடக்க ஆராதனையில் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆறுதல் சொன்னோம். மறுநாள் காலையில் யாருக்கு மருந்து கொடுப்பது என்று தெரியாமல் வெறுமையாக நின்றவரைத் தனியாகச் சென்று பார்க்கவில்லை. வளைகுடா நாட்டில் இருபது ஆண்டுகள் உழைத்து வீடு கட்டிய சகோதரர் இருக்கிறார். வீட்டுப் பிரதிஷ்டைக்கு அழைத்தார்கள், ஜெபித்தேன், விருந்துண்டேன். பிள்ளைகள் வளர்ந்ததைத் தாம் பார்க்கவில்லை என்று அவர் மாடிப்படியில் நின்று சொன்னதை, வேறொரு வேலைக்கு விரைந்துகொண்டே கேட்டேன்.

என் வீட்டையும் நான் விட்டுவிடக் கூடாது. இந்தப் பத்து வாரமும் என் மனைவி சரியாக உறங்கவில்லை. மருத்துவமனையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். வந்தவர்களையெல்லாம் வரவேற்றார்கள், உபசரித்தார்கள். காபி கொண்டுவந்தார்கள். அந்தக் காபிக் கோப்பைகளை நான் எண்ணத் தொடங்கியபோதுதான், பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிக் குடித்த அந்தக் கோப்பை நினைவில் முழுமையாய் எழுந்தது. முதுகுவலி என்று மனைவி ஒரு நாள் மெல்லச் சொன்னபோது, "அறுவை சிகிச்சை எனக்கா உனக்கா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். அது சிரிக்க வேண்டிய கேள்வியல்ல என்பதை இப்பொழுது உணருகிறேன்.

உயிர்த்தெழுந்த ஆண்டவரை நினைத்துப் பாருங்கள். மரணத்தை வென்ற சரீரத்தில் ஒரு கீறலும் இல்லாமல் எழும்புவது அவருக்குக் கூடாத காரியமல்ல. ஆயினும் கைகளிலும் விலாவிலும் தழும்புகளோடு எழுந்தார். அவையாவும் கொடுத்த இடத்தின் தழும்புகள். சீஷர்கள் பூட்டிய அறைக்குள் இருந்தபோது அவற்றை அவர்களுக்குக் காண்பித்தார். அன்று அங்கே இல்லாத தோமாவுக்காக எட்டு நாள் கழித்து மீண்டும் வந்தார். தோமாவைச் சந்தேகக்காரன் என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். நான் இன்று அவனை வேறு விதமாகப் பார்க்கிறேன். ஆண்டவர் எழுந்தார் என்ற வெற்றிச் செய்தியோடு அவன் திருப்தியடையவில்லை. காயம் எங்கே என்று கேட்டான். அந்தக் கேள்வியை ஆண்டவர் தள்ளிவிடவில்லை, தம் விலாவையே காட்டினார்.

நாமும் கேட்கக் கற்றுக்கொள்வோம். இனி நம் சபையில் சுகம் பெற்றவருக்காக ஸ்தோத்திரம் ஏறெடுக்கும்போது, அவருக்காகத் தம்மைக் கொடுத்தவரின் பெயரையும் சொல்லி ஜெபிப்பேன். சந்திப்புக்குப் போகும் சகோதர சகோதரிகளே, நோயாளியிடம் பேசியபின் சமையலறை வாசலுக்கும் செல்லுங்கள். அந்த வீட்டில் காபி குடிக்காதீர்கள், முடிந்தால் நீங்களே கொண்டுபோங்கள். ஆபரேஷனுக்குப் பின் முதல் வாரம் எல்லாரும் வருகிறார்கள். நீங்கள் ஆறாம் மாதம் செல்லுங்கள். ரொனால்டிடம் கேட்கப்பட்ட கேள்வி நம் ஆலயத்துக்குள்ளும் நிற்கிறது. உதவி தேவைப்படும் நாளில், இந்த அறையில் இருக்கிறவர்களில் எவராவது மறுப்பார்களா? கொடுத்தவர்கள் அந்தக் கேள்விக்கு விடையைத் தேடியே மூன்றாம் வரிசையில் அமர்ந்து நம் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற வாரம் அந்தத் தாய்க்குத் தொலைபேசியில் பேசினேன். மகன் நலமாக இருக்கிறார், பேரப்பிள்ளை பள்ளிக்குப் போகிறான் என்றார். நான் அதோடு நிறுத்தாமல், "அம்மா, உங்க விலாப்பக்கம் எப்படி இருக்கு? அன்னைக்கு நான் கேட்கவே இல்லையே" என்றேன். சற்று நேரம் பதில் வரவில்லை. பிறகு, "மழைக்காலத்துல கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், ஐயா. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றார்.

என் அறுவை சிகிச்சையைப் பற்றி அவர் முன்னமே கேள்விப்பட்டிருந்தார். நெஞ்சைப் பற்றி அவர் விசாரிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "கால்ல இருந்துதானே நரம்பு எடுப்பாங்க? கால் எப்படி இருக்கு, ஐயா?"

பத்து வாரங்களில் என் காலைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

ஜெபிப்போம்.

எங்கள் பரம பிதாவே, கொடுத்தவர்களின் காயத்தைக் காணாமல் கடந்துபோன எங்களை மன்னியும். எடுத்த இடத்தை மூடுகிற உம்முடைய கரத்தின் வேலையில் எங்களுக்கும் பங்கு தாரும். யாரும் விசாரிக்காத தழும்புகளை நீர் அறிந்திருக்கிறீர். அவற்றை நாள்தோறும் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.